சூரை மீனுக்கு வீசிய தூண்டில்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. பரம்பரையாக வருவது சந்தேகம் ஒன்றுதான். பால்காரர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தால் அம்மா பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேர்ந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், அதனால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

அப்போது போடியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். எங்கள் மானேஜருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். மலை ஓடைகளில் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தூத்துக்குடி நண்பர் ஒருவரின் போட்டில் நடுக்கடலுக்குப் போய்ச் சூரை மீன் பிடிப்பது என்று கிளம்பினார். கூட வர ஓர் ஆள் தேவை. "உனக்குத் தூண்டில் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "உண்டு சார்" என்றேன். (வைகை அணையில் ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறேன். ஒரு செருப்பு மாட்டியது. அதுவும் என்னுடையதுதான்.)

மறுநாளே ஒரு பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இரண்டு வகைத் தூண்டில். ஒன்று ஸ்பின்னிங்: கம்பு, அதில் ஒரு ரீல், ரீல் நிறையக் கண்ணாடி போல நைலான் நரம்பு. மீன் வேகமாக ஓடினால் ரீல் தானே நரம்பை விட்டுக்கொடுக்கும். மற்றது ஃப்ளை: நாலு துண்டாகக் கழற்றித் தகரக் குழாயில் போட்டு வைக்கிற நீளக் கம்பு. அதன் கொக்கியில் புழுவைக் கோர்க்கக் கூடாதாம். சேவலின் கழுத்து இறகையும் ஆட்டு மயிரையும் கொக்கியில் வைத்து, நூலால் சுற்றிக் கட்டி, குட்டி மீன் போலச் செய்ய வேண்டுமாம். இரண்டு டஜன் கட்டி வைப்பது என் பொறுப்பு. "எல்லாம் வெளிநாட்டுச் சாமான். ஒண்ணு தொலைஞ்சாலும் ஆபீஸ் பக்கம் வந்துடாத" என்றார் மானேஜர்.

அன்றிலிருந்து நான் ஊரைச் சந்தேகப்பட்டேன். ஊர் என்னைச் சந்தேகப்பட்டது. அதில் ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. எதிர்வீட்டுப் பேச்சியக்காவிடம் போய், "உங்க கறுப்புச் சேவலோட கழுத்து இறகு பத்து வேணும்" என்று கேட்டேன்.

"சேவலு வேணாமா?"

"வேணாம். இறகு மட்டும் போதும்."

"எதுக்குய்யா?"

"அதை வெளிய சொல்ல முடியாதுக்கா."

அக்கா இறகைக் கொடுத்துவிட்டுச் சேவலை வீட்டுக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கறிக்கடையில் கறி வாங்காமல் ஆட்டு வால் மயிர் மட்டும் கேட்டு வாங்கினேன். ஜவுளிக்கடையில் கறுப்பு நூலும் சிவப்பு நூலும். திருடன் பார்த்துவிடக் கூடாதே என்று சன்னலைச் சாத்திக்கொண்டு, அத்தனையையும் கொக்கியில் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். பையன் யாருக்கோ செய்வினை வைக்கிறான் என்று மூன்றே நாளில் தெரு முடிவு செய்துவிட்டது. அந்தத் தகரக் குழாய்க்குள் இருப்பது சுடுகாட்டு எலும்பு என்றும் ஒரு பேச்சு.

அதே வாரம்தான் ஆண்டிபட்டியிலிருந்து கல்யாணப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அந்தப் பெண்ணை ஓர் உறவுக் கல்யாணத்தில், பந்தியில் பாயசம் ஊற்றும்போது பார்த்தேன். அவள் கையால் வாங்குவதற்காகவே நாலு தடவை வாங்கிக் குடித்து, இரண்டு நாள் வயிறு கெட்டுக் கிடந்தேன். அவள் கிடைக்காவிட்டால் மலைக்கு மேலே போய் ஏலச்செடிகளுக்கு நடுவே சாமியாராகிவிடுவது என்றிருந்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் போய்விட்டது. இனி பெண் வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பையன் எப்படி என்று அக்கம்பக்கம் விசாரிப்பார். இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். மீன் கொக்கியிலேயே கிடந்த என் மூளைக்கு மட்டும் எட்டவில்லை.

டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: "ரெண்டு நாளா ஒருத்தர் இங்கன வந்து உன்னையவே கேட்டுக்கிட்டு இருக்காக. எப்ப வெளிய போவான், யாரு கூடப் பழகுவான், சன்னலச் சாத்திக்கிட்டு என்ன செய்றான்னு."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"பெரிய மீசை. கையில மஞ்சப்பை."

போதாதா? ரீலைத் திருட வந்த ஆள்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஸ்பின்னிங் தூண்டிலை எடுத்துக்கொண்டு, வீசிப் பழகுவதற்காகக் கொட்டகுடி ஆற்றுக்குப் போனேன். சித்திரையில் ஆற்றில் மணல்தான் ஓடும். (நடுக்கடல் மீனுக்குக் காய்ந்த மணலில் தயாரானவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) நாலு தடவை வீசியபின் பார்த்தால், நாற்பது அடி தள்ளி ஒரு முள்செடிக்குப் பின்னால் வெள்ளை வேட்டி தெரிந்தது. மேலே மீசை. அடுத்த வீச்சு அந்தப் பக்கம் போனது. தற்செயலாகப் போனது என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

கொக்கி வேட்டியின் பின்பக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டது. அவர் எழுந்தார். பின்னால் எதுவோ இழுத்தது. திரும்பிப் பார்த்தார். வெயிலில் அந்த நைலான் நரம்பு கண்ணுக்கே தெரியாது. தெரிந்ததெல்லாம் தூரத்தில் ஒரு கோலோடு நிற்கும் நான்தான். என் உதடு வேறு அசைந்துகொண்டிருந்தது. 'ஓடினால் விடு, நின்றால் சுற்று' என்று மானேஜர் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்வினை என்று பேச்சியக்கா சொல்லியிருந்ததெல்லாம் அவர் காதில் ஒலித்திருக்க வேண்டும்.

அவர் ஓடினார். ரீல் கிர்ரென்று கத்தியது. விட்டேன். மூச்சு வாங்க நின்றார். சுற்றினேன். மனுஷன் நாலு அடி பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

"அய்யா, விட்ருங்கய்யா. ஊருக்கே போயிர்றேன்" என்று கும்பிட்டார்.

"யாரு அனுப்புனா, சொல்லு" என்றேன் நான்.

மூன்றாவது ஓட்டத்தில் கம்பின் நுனி முறிந்தது. வேட்டி கழன்றது. பட்டாபட்டி டிரவுசரோடு கரையேறி மறைந்துவிட்டார். வேட்டியைச் சுற்றிச் சுற்றிக் கரை சேர்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் செடிக்குப் பின்னால் கிடந்த மஞ்சப்பையைப் பிரித்தேன். உள்ளே ஒரு துண்டு, ஒரு வாழைப்பழம், என் போட்டோ. அம்மா ஆண்டிபட்டிக்குக் கொடுத்தனுப்பிய அதே போட்டோ. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

"ஏலே, அவுக பொண்ணக் குடுக்கலாமான்னு பாக்க வந்தா, நீ மாமன் வேட்டிய உருவிட்டு அனுப்பியிருக்கியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மீசைக்காரர் பெண்ணின் தாய்மாமன்.

மறுநாள் வேட்டியைத் துவைத்துத் தேய்த்து, தூண்டில் பெட்டியோடு அம்மாவும் நானும் ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினோம். மாமா உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. "அந்தப் பொட்டிய வாசல்லயே வைக்கச் சொல்லுங்க" என்று குரல் மட்டும் வந்தது. நான் வாசலில் நின்று நரம்பை உருவி, முனையைப் பெண்ணின் அப்பா கையில் கொடுத்து, எஸ்டேட், மானேஜர், சூரை மீன், சேவல் இறகு எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன். கடைசியில் மாமா வந்தார். நரம்பைத் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப வாய்க்குள்ள ஓதுனது?"

"ஓதலை மாமா. மீன் ஓடுனா விடணும், நின்னா சுத்தணும்னு எங்க மானேஜர் சொன்னாக. அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் அதையேதான செஞ்சீக?"

"ஆமா மாமா."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா முறைத்தார். "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார். சிரிப்பு நின்றது. "எனக்குச் சம்மதம்னு சொல்லுங்கப்பா" என்றது அதே குரல்.

முறிந்த நுனியைப் பார்த்த மானேஜர் என்னைக் கழற்றிவிட்டு டிரைவரோடு தூத்துக்குடிக்குப் போனார். உயிரோடு ஒரு சூரை மீனை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று மாமா வேட்டிக்கு மேலே பெல்ட் கட்டி வந்தார், என் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் மகளுக்குக் கம்பத்தில் ஒரு வரன் வந்தது. பையனைப் பற்றி விசாரிக்க நானே கிளம்பினேன். எண்பதைத் தாண்டிய மாமா நாற்காலியில் இருந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேட்டியோடவா போறீக மாப்பிளை? பேண்டு போட்டுக்கங்க" என்றார்.