ஐரிஸ் கல்லறை

பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் தெரியாததையும் அடித்துச் சொல்லிவிடுவேன். தனியாக இருப்பவனின் வியாதி அது. மஹய்யாவவில் என் வீட்டில் இரண்டு கதிரைகள். ஒன்றில் நான், மற்றதில் மடிக்காத துணி.

அப்படி இருந்தபோதுதான் நோராவின் மின்னஞ்சல் வந்தது. மலைநாட்டைப் பற்றி இணையத்தில் நான் எழுதியதை அயர்லாந்தில் இருந்துகொண்டு படித்திருந்தார். ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவர்களின் கதைகளைத் தன் கிராமத்துக்காகச் சேகரிப்பவர். அவருடைய பாட்டியின் தம்பி, தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் துரையாக வந்தவர், ஒருநாள் கடிதத்தை நிறுத்திக்கொண்டாராம். கல்லறையாவது இருக்குமா?

அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்த ஒருவரிடம், "ஐரிஷ் துரை கல்லறை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஐரிஸ் கல்லறதானுங்களே? மேட்டுல இருக்கு."

(நம்மவர்கள் வாயில் 'ஷ்' எல்லாம் 'ஸ்' ஆகும். எனக்கா தெரியாது!)

பாசி தின்ற கல்லில் நான்கு ஆங்கில எழுத்துகள்தான் மிச்சம்: ஐ, ஆர், ஐ, எஸ். கடைசி 'எச்' உடைந்து விழுந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதினேன்.

மூன்று மாதம் தினமும் கடிதம். "உங்கள் தாத்தாவை மூடுபனி போர்த்திக்கொண்டிருக்கிறது" என்றெல்லாம் எழுதினேன். அந்த அம்மா அதை நம்பி விமானம் ஏறிவிட்டார்.

அறுபது வயது. கையில் ஒரு சின்னத் துணிப்பை, அதற்குள் அவர் ஊர் மண். மேட்டில் மண்டியிட்டு மண்ணைக் கல்லின்மேல் தூவினார். நான் மாலையைச் சாத்தினேன். அவர் கண்கள் கலங்கின. என் கண்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலங்கின.

கொழுந்துக்கூடையோடு அந்த வழியாக வந்த, செல்லம்மா என்ற தோட்டத்துப் பெண் நின்றுவிட்டார்.

"ஐயா, நாய்க்கு எதுக்குங்க மால?"

"நாயா?"

"ஆமாங்க. பெரியதொர வளத்த பொட்டநாயி. ஐரிசுன்னு பேரு. எங்க தாத்தாதான் குழி வெட்டுனாராம்."

"என்ன சொல்கிறார்?" என்று நோரா ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் தாத்தா தங்கமானவராம்."

நோரா உருகிப்போய்ச் செல்லம்மாவின் கையைப் பிடித்தார். விஷயம் போய்ச் சேரவில்லை என்பது செல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. கல்லைச் சுட்டிக்காட்டி, கழுத்தை நீட்டி, "வவ்! வவ்!" என்றார்.

மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

நோரா கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

நாயின் பெயர், குழி வெட்டிய தாத்தா என்று செல்லம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "குழி வெட்டியவர் எங்கே?"

அதைச் செல்லம்மாவுக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

செல்லம்மா தேயிலைச் சரிவைக் காட்டினார். "அந்தா, அந்தப் பக்கந்தாங்க. எந்தச் செடிக்குக் கீழேன்னு யாருக்குத் தெரியும்? கல்லு நாய்க்குத்தானே வச்சாங்க."

நோரா எழுந்து மறுபடி கல்லருகே மண்டியிட்டார். தூவிய மண்ணைத் திரும்ப அள்ளத் தொடங்கினார். நானும் அள்ளினேன். தெல்தோட்டைப் பாசியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. செல்லம்மா காட்டிய சரிவில், ஒரு செடியின் அடியில் அதைப் போட்டோம்.

அவர் போனபின் கடிதங்கள் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு வருடத்துக்கு ஒன்றாகி நின்றுபோயின.

ஹேவாஹெட்டையில் தங்கச்சி வீட்டுக்குப் போனால், தெருவில் எந்த நாய் குரைத்தாலும் அவள் விடுவதில்லை. "அண்ணே, அயர்லாந்துலேருந்து ஒங்களத்தான் கூப்புடுறாங்க, போய்ப் பாருங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நானும் சிரித்துக்கொண்டே எழுந்து, வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

(இதுவரைக்கும் நாய்தான்.)