முப்பிரியாரும் அவிழ்ந்த சங்கிலியும்

எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் ஒரு முப்பிரியார் உண்டு. உங்களுக்குத் தெரிந்த கூடத்தில் இல்லையென்றால் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம், வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள்.

காளானிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி மூன்று பிரியாக முறுக்கியிருந்தால்தான் மனித ரத்தத்தின் எதிர்ப்புச் செல்கள் விழிக்கும், அவிழ்ந்தால் குறட்டைதான் என்று எட்டு வருடமாகச் சொல்லிவருபவர் இவர். அவிழ்ந்ததைச் சோதித்தாரா என்று கேட்காதீர்கள். தெரிந்ததை எதற்குச் சோதிப்பது? மகளுக்குச் சடை பின்ன உட்கார்ந்தால், மூன்று பிரியின் மகத்துவம் பாதியைத் தாண்டுவதற்குள் பள்ளி வண்டி போய்விடும். குழந்தை தலைவிரிகோலமாக நடந்தே போகும். செல்லுக்காக உறவுக்காரர் அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு குழாய் ரத்தம் வாங்கியதில், மச்சான் இப்போதெல்லாம் முழுக்கைச் சட்டை போடாமல் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

வடிவத்துக்கு அடுத்தபடி இவர் உயிரை விடுவது சுத்தத்துக்கு. நியாயம்தான். துளி கிருமி எச்சம் ஒட்டியிருந்தாலும் செல்கள் அதற்கே குதிக்கும், பெயர் சர்க்கரைக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் அறையைப் பூட்டிக்கொண்டு, தன் கையாலேயே மாதிரியைக் கிருமி எச்சத்தை அரிக்கும் காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவார். வேறு யாரும் தொடக்கூடாது.

அன்று நாலு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும். பேராசிரியர் பதவி அதை நம்பித்தான் இருந்தது. மூன்றரைக்கு, செல்களை வளர்க்கும் அக்கா செய்முறைப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், காரத்துல ஊறினா முறுக்கு அவிழ்ந்துடும்ல?"

"அவிழும். அது பால பாடம்."

"எட்டு வருஷமா ஊறவெக்கிறீங்களே. திரும்ப முறுக்கிக்குதான்னு பாத்தீங்களா?"

இவர் சோதனைச் சாய அலமாரியின் சாவியை எடுத்து நீட்டினார். இதுவே கூடத்தின் சரித்திரத்தில் முதல்முறை. முப்பிரி இருந்தால் ஊதாவாக மாறும் சிவப்புச் சாயம் ஒன்று உண்டு, பத்து நிமிட வேலை. அக்கா கலந்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எட்டு வருடமாகச் செல்களை எழுப்பியது அவிழ்ந்த சங்கிலி.

ஆள் சுருண்டுவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? துள்ளி எழுந்தார்.

"நான் எப்பவும் என்ன சொல்லுவேன்? வடிவம்தான் எல்லாம்!"

தலைப்பில் 'முறுக்கிய'வை அடித்து 'அவிழ்ந்த' என்று போட்டு, அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். மூன்று ஐம்பத்தெட்டு. அக்கா இணையக் கம்பியைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முதலில் முறுக்கியது, அவிழ்ந்தது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டுமாம், அதற்குப் புது ரத்தம் வேண்டுமாம். பதவி அடுத்த வருடத்துக்குப் போயிற்று. மச்சான் ஊரைவிட்டே போய்விட்டான்.

முப்பிரியாருக்கு வருத்தமா? சேச்சே. குழந்தை தலைவிரிகோலமாகப் போவதுதான் சரியான வடிவம் என்று பள்ளிக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வருடக்கணக்காக அடித்துச் சொல்லிவருகிறீர்களே ஒன்று, அதை அறையைப் பூட்டிக்கொண்டு எதில் ஊறவைக்கிறீர்கள்?