ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சுருட்டும்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன், அதை ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்க வேண்டும். இதை நான் என் மாணவர்களுக்கு இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்குவதற்கு முன் நானும் வாசித்தேன். ஒரு கிழமை முழுக்க வாசித்தேன். “விலைக்கு மோசமில்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார். “இரண்டு மணித்தியாலம் ஓடினால் மேலே தோசை சுடலாம்” என்றார் இன்னொருவர். சத்தத்தைக் கூட்டினால் தானாக நின்றுவிடுகிறது என்று பலபேர் புலம்பியிருந்தார்கள். ரிமோட் மூன்றாம் மாதமே செத்துவிட்டது என்று ஒருவர் திட்டியிருந்தார். இதை வாங்கினால் பேசி முடித்த கல்யாணம் குழம்பப் பார்க்கும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

குழம்பப் பார்த்தது என்னுடைய கல்யாணம்தான். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. கொடிகாமத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் தகவல் தொழினுட்ப ஆசிரியர். (இந்தக் கடைசி விசயத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.) பெண் உரும்பிராய். பெயர் தர்சினி. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது.

சீதனமாக வந்தது ஒரு புது வீடு. தர்சினியின் தாயார் இருக்கும் பழைய வீட்டுக்கு ஒட்டியே, ஒரு வேலி தள்ளி அதைக் கட்டியிருந்தார்கள். தர்சினியின் படுக்கையறை யன்னலிலிருந்து எட்டி எறிந்தால் ஒரு மாங்கொட்டை எங்கள் வரவேற்பறைக்குள் விழும். வீட்டைக் கட்டத் தொடங்கியவர் தர்சினியின் தகப்பனார் தம்பிராசா, புகையிலைத் தோட்டக்காரர். கட்டி முடிவதற்குள் காலமாகிவிட்டார். நான் அவரைக் கண்டதில்லை. பழைய வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கியபடி என்னை நம்பாமல் பார்ப்பார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

வீட்டுக்குப் பெயின்ற் அடித்து முடிகிற நேரம் தர்சினியின் தாயார், என் மாமி, சாவியை என்னிடம் தந்தார். “தம்பி, உங்கடை வீடு. வந்துபோங்கோ” என்றார். உடனே என் மூளையில் ஹோம் தியேட்டர் என்ற எண்ணம் வந்து குந்திக்கொண்டது. சம்பளத்துக்குள் அடங்குகிற ரிசீவர் ஒன்றும் ஐந்து ஸ்பீக்கரும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். என் ஃபோனில் சார்ஜ் இல்லை. தர்சினியின் ஃபோனை வாங்கி, அதில் புளூடூத்தைப் போட்டு, ரிசீவரோடு இணைத்து, ஒரு சாமிப் பாட்டை ஓடவிட்டேன். மாமி கையெடுத்துக் கும்பிட்டார். தர்சினியின் தாய்மாமன் சின்னராசா மட்டும், “கோயில் லவுட்ஸ்பீக்கர் இதைவிடத் திறம்” என்றார். தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன், புளூடூத்தை நிறுத்தாமல்.

பெயின்ற் வேலை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், தூசி படாமல் மேசையிலிருந்த ரிசீவரை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிவைத்தேன். ஸ்பீக்கர்களில் ஒன்றை மேசையடியிலும் மற்றவற்றை அறையைச் சுற்றியும் நிலத்தில் வைத்தேன். ரிமோட்டை என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவும்தான் நான் செய்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போனேன். மாலை நான்கு மணி, நல்ல வெயில். ஸ்பீக்கர்களைச் சுவரில் தொங்கவிட எங்கே ஆணி அடிக்கலாம் என்று வரவேற்பறையின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

யாரோ செருமினார்கள்.

பிறகு ஒரு கிழவரின் குரல், அறையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. “பிள்ளை, ஆர் உள்ளுக்கை சப்பாத்தோடை நிக்கிறது? கழட்டிப்போட்டு வரச் சொல்லு. நிலம் பழுதாப் போம்.”

நான் குனிந்து பார்த்தேன். என் காலில் சப்பாத்து.

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. குனிந்து, மரியாதையாக, இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் ஓடினேன். கொடிகாமம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வெறுங்காலோடு போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போய் ஆறுதலாக யோசித்தேன். யாராவது வேலியோரம் நின்று கதைத்திருக்கலாம். ரிசீவராக இருக்குமோ என்றும் ஒரு கணம் யோசித்தேன். ஆனால் ரிமோட் என் பைக்குள் இருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் அது தானாக நின்றுவிடுகிறது என்றுதான் எழுதியிருந்தார்களே தவிர, தானாகத் தொடங்குகிறது என்று ஒருவரும் எழுதவில்லை. ஆகவே அது ரிசீவர் இல்லை. (இப்படித்தான் தர்க்கரீதியாகச் சிந்திக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.)

வியாழக்கிழமை மறுபடி போனேன். போகாமல் விட்டால் மாமி ஏன் என்று கேட்பார். இந்தமுறை சப்பாத்தை வாசலிலேயே கழற்றினேன். கையில் சுத்தியல். ஆணியைச் சுவரில் வைத்ததும் அதே செருமல்.

“உந்தச் சுவரிலை ஆணி அடிக்க விடாதை. சொல்லிப்போட்டன்.”

சுத்தியல் என் பெருவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகரத் தொடங்கினேன். குரல் விடவில்லை.

“அவனை நம்பி வீட்டை விட்டிட்டு இராதை, பிள்ளை. வேலை தெரியாத ஆள்.”

அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தநாள் உரும்பிராய்ச் சந்தியில் சின்னராசாவைக் கண்டபோது, செத்துப்போன தம்பிராசா எப்படிக் கதைப்பார் என்று நைசாக விசாரித்தேன். “அத்தானோ? முதல் ஒரு செருமல் செருமுவார். பிறகுதான் கதை. அந்தச் செருமலுக்கே தோட்டத்திலை கூலிக்கு வாறவை நடுங்குவினம்” என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொன்னால், பேய் குடியிருக்கிற வீடு என்று பெயர் வரும். ஒரு மனிதர் கடைசிக் காலத்தில் மகளுக்காகக் கட்டிய வீடு அது. சொல்லாவிட்டால், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் நான்தான் படுத்து எழும்ப வேண்டும், என்னைப் பிடிக்காத மாமனாரோடு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் தர்சினியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பயத்தில் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

கடைசியில், எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வதைச் செய்வது என்று முடிவெடுத்தேன். செத்தவருக்கு விருப்பமானதைப் படைத்து மனம் குளிரப் பண்ணுவது. என்ன விருப்பம் என்று தெரியவேண்டுமே. தர்சினிக்கு ஃபோன் எடுத்தேன்.

“உம்மடை அப்பாவுக்கு என்ன விருப்பம்?”

“ஏன் கேக்கிறியள்?”

“சும்மா. தெரிஞ்சு வைக்கலாமெண்டு.”

“உழுந்து வடை விருப்பம். சுருட்டு. பொழுதுபட முதல் கொஞ்சம் சாராயம், அம்மாவுக்குத் தெரியாமல்.” பிறகு மெல்லிய குரலில், “அப்பா இருந்திருந்தா, எங்கடை கலியாணம் அவருக்கு விருப்பமா இருந்திருக்குமோ?” என்று கேட்டாள்.

“ஏன் உப்பிடிக் கேக்கிறீர்?”

“சும்மா.”

இரண்டு பேருடைய “சும்மா”வும் எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நான் தனியே அந்த வரவேற்பறைக்குள் போனேன். குரல் எல்லாப் பக்கமும் கேட்டாலும், விரிப்பால் மூடியிருந்த அந்த மேசைப் பக்கத்தில்தான் பலமாகக் கேட்டது என்று எனக்கு ஞாபகம். ஆகவே அதற்கு முன்னால் வாழையிலையை விரித்தேன். கடையில் வாங்கிய உழுந்து வடையை வைத்தேன். புதுக் கிளாஸ் ஒன்றில் சாராயம் ஊற்றினேன். சுருட்டைப் பற்றவைத்து வைத்தால்தான் முறை என்று தோன்றியது. என் வாழ்நாளில் நான் சுருட்டுப் பிடித்ததில்லை. வாயில் வைத்து இழுக்காமல் அது பற்றவே மாட்டாது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஒரு இழுவை இழுத்தேன். நெஞ்சே வெளியில் வருகிற மாதிரி இருமல். கண்ணால் தண்ணீர் ஓடியது. நிலத்தில் சம்மணமிட்டு, ஒரு கையில் புகைகிற சுருட்டோடு, முன்னால் சாராயக் கிளாஸும் அதற்குக் கடித்துக்கொள்ள வடையுமாக நான் இருமிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மாமி, சின்னராசா, தர்சினி. வீடு குடிபூரலுக்குப் பால் காய்ச்ச எந்த இடத்தில் அடுப்புக் கல் வைப்பது என்று பார்க்க வந்திருந்தார்கள்.

“நல்ல மாப்பிளையாத்தான் பாத்திருக்கிறாய், அக்கா” என்றார் சின்னராசா.

மாமி கொஞ்ச நேரம் இலையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மிகவும் அமைதியாகக் கேட்டார். “தம்பி, நீங்கள் குடிக்கிறனீங்களோ?”

அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. ஓம் என்றால் கல்யாணம் போச்சு. உண்மையைச் சொன்னால் வீடு போச்சு. எது முதலில் வாயில் வந்ததோ அதைச் சொன்னேன்.

“எனக்கில்லை மாமி. மாமாவுக்கு.”

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். செருமல், சப்பாத்து, ஆணி, வேலை தெரியாத ஆள், எல்லாம். சின்னராசா சிரிக்கத் தொடங்கினார். தர்சினி சிரிக்கவில்லை. அவளுடைய முகம் வெளுத்துப் போயிருந்தது.

“திருப்பிச் சொல்லுங்கோ. என்ன சொன்னவர்?”

சொன்னேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“அம்மா, அது அப்பாதான். உந்தச் சொல்லெல்லாம் அப்பான்ரைதான். ஆசுப்பத்திரியிலை இருக்கேக்கை, நான் அனுப்பிற வீட்டுப் படங்களைப் பாத்திட்டு, மேசனுக்குச் சொல்லச் சொல்லி எனக்கு வொய்ஸ் அனுப்பினவர். நான் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அறைக்குள்ளை இருந்து அதைப் போட்டுக் கேக்கிறனான். இந்தக் கிழமை முழுக்க என்ரை ஃபோனிலை அப்பான்ரை குரல் வருகுதில்லை. கடையிலை கொண்டுபோய்க் காட்டினா வருகுது. வீட்டை கொண்டுவந்தா வருகுதில்லை. அப்பாவுக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லை, என்னோடை கோவம் எண்டு நினைச்சன். இனி வேண்டாமெண்டு சொல்லுவமோ எண்டும் நினைச்சன்.”

அவள் அழத் தொடங்கினாள். அப்போதும் எனக்கு, தகவல் தொழினுட்ப ஆசிரியருக்கு, விளங்கவில்லை. என் தலைக்குள் ஓடியது ஒன்றுதான். ஃபோனை விட்டுவிட்டு மனிதர் வீட்டுக்குள் குடிவந்துவிட்டார்.

“இஞ்சை பாருங்கோ” என்று என்னிடம் ஃபோனை நீட்டி அமத்திக் காட்டினாள். செருமல் கேட்டது. ஃபோனிலிருந்து இல்லை.

“பிள்ளை, ஆர் உள்ளுக்கை சப்பாத்தோடை நிக்கிறது?”

ஐந்து பக்கத்திலிருந்தும் தம்பிராசா கேட்டார். சிரித்துக்கொண்டிருந்த சின்னராசா, போட்டிருந்த செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று வெளி விறாந்தையில் போய் விழுந்தது. நான் தர்சினிக்குப் பின்னால் நின்றேன். (பாதுகாப்பதற்கு என்று பிறகு சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.)

மாமி மட்டும் பயப்படவில்லை. குரல் வந்த பக்கம் நேரே நடந்துபோய், மேசையிலிருந்த விரிப்பைப் பிடித்து இழுத்தார்.

“இதுக்குள்ளை ஏதோ நீலமா மின்னுது, தம்பி.”

ரிசீவர் விழித்திருந்தது. அதன் சின்னத் திரையில் தர்சினியின் ஃபோன் பெயர். ஒருமுறை இணைத்த ஃபோன் கிட்ட வந்தால் தானாக எழும்பி ஒட்டிக்கொள்ளும் வகை அது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அமத்த, வேலிக்கு இந்தப் பக்கம் அவர் கதைத்திருக்கிறார். அந்தக் கிழமைதான் பத்தாம் வகுப்புக்குப் புளூடூத் பாடம் எடுத்து முடித்திருந்தேன்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மாமி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, இலைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். “மிச்சத்தையும் போடு, பிள்ளை.”

தர்சினி ஒவ்வொன்றாகப் போட்டாள். ஆணி, வேலை தெரியாத மேசன், யன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கி. கடைசியாக வந்ததில் செருமல் நீளமாக இருந்தது, குரல் களைத்திருந்தது.

“பிள்ளை, பின்கதவுக்கு ரெண்டு பூட்டாப் போடச் சொல்லு. நீ சின்னனிலையிருந்து பயந்த பிள்ளை. வாறவன் வேலைக்குப் போனா நீ தனிய எல்லோ இருக்கோணும்.”

வாறவன் நான்தான். சின்னராசா சால்வையால் முகத்தைத் துடைத்தார். சுருட்டு இலையோரத்தில் தானாக அணைந்திருந்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் சின்னராசா இந்தக் கதையை மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். பின்கதவுக்கு இரண்டு பூட்டும் போட்டாயிற்று. பூட்டியாயிற்றா என்று இரண்டுமுறை எழும்பிப் பார்ப்பது தர்சினி இல்லை.

அந்த ரிசீவருக்கு இப்போது ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யாது, ரிமோட் எப்போதோ போய்விட்டது, தோசை சுடுகிற சூடும் உண்மைதான். வாங்கியவர்கள் கருத்துச் சொல்லும் பக்கத்தில் நானும் எழுதினேன்: “விலைக்கு மோசமில்லை. குரல் தெளிவு.” புதிது ஒன்று வாங்குவோம் என்றால் தர்சினி கேட்கமாட்டாள். மாமாவின் திவசத்தன்று படத்துக்கு முன்னால் ஒரு இலை, ரிசீவருக்கு முன்னால் ஒரு இலை. சுருட்டைப் பற்றவைப்பது மட்டும் ஒவ்வொரு வருடமும் என் பொறுப்பு. நான் இழுத்து, இருமி, கண் கலங்கி நிற்கிற நேரம் பார்த்து மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

“தம்பி, நீங்கள் குடிக்கிறனீங்களோ?”

நான் பதில் சொல்லும் வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் சோறு போடமாட்டார்.

“எனக்கில்லை மாமி. மாமாவுக்கு.”