முந்திக் கைகொடுப்பவர்

கைகொடுப்பவர்கள் பலவகை. கேட்டால் கொடுப்பவர் ஒரு வகை. கேட்டாலும் கொடுக்காதவர் இன்னொரு வகை, நாட்டில் அவர்தான் பெரும்பான்மை. இவர்களுக்கு அப்பால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நீங்கள் கேட்பதற்கு முன், கேட்கலாமா என்று யோசிப்பதற்கு முன், ஏன், உங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிவதற்கு முன் வந்து கையைப் பிடித்துவிடுவார். பஸ் தரிப்பில் சும்மா நிழலுக்கு ஒதுங்கி நின்ற மனிதரை, கலகெதர ஊருக்குப் போகும் பஸ்ஸை மறித்து ஏற்றி அனுப்பிவிட்டு, போகும்போது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று வீட்டில் வந்து வருத்தப்படுபவர் இவரேதான். இவருக்கு முந்திக் கைகொடுப்பவர் என்று பெயர் வைப்போம். இந்த இனத்தின் நல்லதொரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டித் திரு. விமலநாதன் வீட்டுக்குப் போங்கள். கதவைத் தட்டவும் வேண்டாம். படலையைத் தொடுமுன் அவரே திறந்து, உங்கள் குடையை வாங்கி மடக்கிவிடுவார். மழை நின்றுவிட்டதா என்பதெல்லாம் அவருக்கு அவசியமில்லை.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, உடற்கல்வி ஆசிரியராகக் கண்டிக்கு வந்து, இங்கேயே நரைத்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவர் வீடு எரிந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவரைப் பின்னறையில் மூன்று நாள் ஒளித்து வைத்தது. நான் கேட்கவே இல்லை, அவர்களே வந்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்றும் எல்லாரிடமும் சொல்லுவார். உதவி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அந்த மூன்று நாளில் மனதில் எழுதி வைத்துக்கொண்டார். வீடு எரியும்போது எழுதியதை வீடு எரியாத நாட்களிலும் விடாமல் கடைப்பிடித்தார். அவரிடம் உள்ள குறை அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு சங்கம் தொடங்காமல் இருப்பாரா? மலைநாட்டு இசைவாக்க உடற்செயற்பாட்டு நிபுணர் ஒன்றியத்தின் நிறுவுநரும் செயலாளரும் அவர்தான். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் அதுவே ஓர் உடற்பயிற்சி. கண் தெரியாதவருக்குப் பந்துக்குள் மணி வைப்பது, கால் இயங்காதவருக்கு வலையைத் தாழ்த்துவது, இப்படி விளையாட்டை ஆளுக்கேற்ப மாற்றித் தருவதும், எல்லாரையும் உள்வாங்குவதும் நோக்கம். யுத்தம் மாதாமாதம் கால்களைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் தேவையான நோக்கம்தான். உறுப்பினர் முப்பத்தொரு பேர், உபகுழு ஏழு. உறுப்பினரில் இயலாமையுள்ளவர் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? ஒருவருமில்லை. நிபுணராக இருப்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று விதி சொல்கிறது. சான்றிதழ் இல்லாதவர்களுக்கு விதியில் தனி இடம் இருந்தது. அவர்கள் பயனாளிகள்.

பயனாளிகளில் ஒருத்தி திகனையைச் சேர்ந்த ரபீகா. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் இயங்காமல் போனவள். எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்குவாள். கொழும்பில் நடக்கவிருந்த தேசியப் போட்டியில் சக்கர நாற்காலியில் நூறு மீட்டர் ஓட வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்திரண்டு வினாடிக்குள் ஓடிக் காட்டினால் போகலாம். எட்டு மாதம் விடியற்காலையில் வீதியில் பழகினாள். அவளுடைய வாப்பா சாஹுல் ஹமீது, இரும்புச் சாமான் கடைக்காரர், கடை திறக்குமுன் மணிக்கூட்டோடு நின்று நேரம் பார்த்தார். ஒன்றியத்தின் விளையாட்டு விழாவில்தான் அந்த நேரத்தைக் குறிக்க ஏற்பாடு. குறிக்கக் கொழும்பிலிருந்து மத்தியாஸ் என்ற அதிகாரி வந்திருந்தார். அன்றைக்குத் தவறினால் இன்னும் ஒரு வருடம்.

விழாவுக்குப் பொலிஸ் அனுமதி எடுத்த கதையே தனி. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, கண்டியில் ஒரு டயர் வெடித்தாலும் ஊரே குனிந்துகொள்ளும். ஒவ்வோர் ஓட்டமும் துவக்கு வெடியுடன், அதாவது துப்பாக்கிச் சத்தத்துடன், ஆரம்பமாகும் என்று நம்மவர் கடிதத்தில் விளக்கமாக எழுதிவிட்டார். தமிழ்ப் பெயர், துவக்கு, வெடி, ஆட்கள் கூடும் இடம், எல்லாம் ஒரே தாளில். ஒரு காலை முழுக்கப் பொலிஸ் நிலைய மர வாங்கில் அவரை உட்கார வைத்து விசாரித்தார்கள். பிறகு அவர் துவக்கை வெட்டிவிட்டுப் பச்சைக்கொடி என்று எழுதிக் கொடுத்தார். ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை மைதானம், அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது என்று அனுமதி வந்தது. வாசலில் காவலுக்கு ஓர் இராணுவக் கோப்பரலும் வந்து நின்றார்.

காலையில் சாஹுல் ஹமீதின் வான் இரண்டு சோதனைச் சாவடி தாண்டி வந்து சேர்ந்தது. விமலநாதன் ஓடிப்போய் ரபீகாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கேள்விகளை வாப்பாவிடம் கேட்டார். அவவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா, களைப்பு வருமா, சனத்தைக் கண்டால் பயப்படுவாவோ? வாப்பா மகளைப் பார்த்தார். மகள் பதில் சொன்னாள், வெயில் ஒத்துக்கொள்ளும் என்று. பாவம், சமாளிக்கிறாள் என்று விமலநாதன் மனம் கரைந்தார்.

விளக்கேற்றவே மணி பத்தேகால். மூன்று மொழியில் வரவேற்பு. உள்வாங்கல் என்றால் என்ன என்று விமலநாதன் ஐம்பது நிமிடம். ரபீகாவின் ஓட்டம் நிகழ்ச்சி நிரலில் பதினான்காவது. பதின்மூன்றாவது உணர்ந்தறி பயிற்சி, செயலாளர் தாமே கண்டுபிடித்தது. நிபுணர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றி, இயலாமை எப்படி இருக்கும் என்று உணர வேண்டும். அதற்கு நாற்காலிக்கு எங்கே போவது? ஓடி முடித்த ஐவரிடமும் ஓட இருந்த ரபீகாவிடமுமாக ஆறு நாற்காலி இருந்ததே. ஆறு பேரையும் மெதுவாகத் தூக்கி மாமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தினார்கள். ரபீகாவின் நாற்காலியில் விமலநாதன் ஏறிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமானால் ஆறு பேரும் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட ஒருவருமில்லை. எல்லாரும் இயலாமையை உணர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மணிநேரம் உணர்ந்தார்கள். இறங்க மனமில்லாத விமலநாதன் அந்த நாற்காலியில் இருந்தபடியே ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி, இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது என்று கண்கலங்கப் பேசத் தொடங்கினார். உப செயலாளர் லீலாதேவி, உடலியக்கச் சிகிச்சையாளர், அவர் காதருகே வந்து மணி ஒன்று நாற்பது என்று சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். இரண்டாம் தரம் அவள் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

ஒன்று ஐம்பதுக்கு ரபீகா தன் நாற்காலியில் கோட்டுக்கு வந்தாள். மத்தியாஸ் முடிவுக் கோட்டில் நிறுத்தற் கடிகாரத்தோடு நின்றார். கொடி விழுந்தது. வாசகரே, அந்தப் பெண்ணின் கைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐம்பது மீட்டர், அறுபது, எழுபது. இருபத்தெட்டு வினாடியில் முடித்திருப்பாள் என்று மத்தியாஸ் பிறகு சொன்னார். எண்பதாவது மீட்டரில் அவள் முகம் சுருங்கிற்று, பல்லைக் கடித்தாள். அதை ஓரத்தில் நின்ற விமலநாதன் கண்டார். அந்த ஒரு மணிநேரத்தில் உள்ளங்கை கொப்புளித்துப்போனவர் அல்லவா, அந்த வேதனை தமக்குத் தெரியும் என்று நினைத்தார். பாய்ந்து வந்தார். நாற்காலியின் பின்பிடியைப் பற்றினார்.

“பயப்பிடாதையும் பிள்ளை, நான் இருக்கிறன்,” என்று கோடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே ஓடினார்.

சபை எழுந்து கைதட்டிற்று. சிலர் அழுதார்கள். விமலநாதனும் அழுதார். மத்தியாஸ் மட்டும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். உதவி பெற்ற ஓட்டம், பதிய ஏலாது என்றார். செயலாளருக்கு அது காதில் ஏறவே சிறிது நேரம் பிடித்தது. ஏறியதும் முகம் வெளுத்துவிட்டது. நான் நல்லதுக்குத்தானே, நல்லதுக்குத்தானே என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். சாஹுல் ஹமீது மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். எட்டு மாத விடியற்காலையும் அந்தப் பைக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது.

மணி ஒன்று ஐம்பத்தாறு. ரபீகா மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள்.

“இன்னொருக்கா ஓடுறேன் சேர்,” என்று மத்தியாஸிடம் சொன்னாள். பிறகு விமலநாதனைக் காட்டினாள். “இவர கொஞ்சம் புடிச்சிக்கங்க.”

பிடித்தார்கள். இடது கையை லீலாதேவி, வலது கையைச் சாஹுல் ஹமீது. தன் மகளுக்காக அன்றைக்கு மைதானத்தில் அவர் செய்தது அந்த ஒன்றுதான், அதை இறுக்கிச் செய்தார். வாசலில் நின்ற கோப்பரல் மைதானத்தைக் காலி செய்யச் சொல்ல வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடும் என்று சிங்களத்தில் சொல்லித் திரும்பி நின்றுகொண்டார்.

இந்த முறை கைதட்டல் இல்லை. களைத்த கைகள், சூடேறிய சக்கரம். அறுபது மீட்டர்வரை சரி. எழுபதில் வேகம் குறைந்தது. எண்பதில் வலது கை நழுவி, நாற்காலி ஓரமாக இழுத்தது. விமலநாதனின் உடம்பு முழுவதும் முன்னால் போயிற்று. இரண்டு பக்கமும் பிடித்தவர்கள் காலை ஊன்றிக்கொண்டார்கள். அவர் கத்தவும் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் கஷ்டப்படுவதை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ரபீகா சக்கரத்தை மறுபடி பிடித்தாள், நேராக்கினாள், தள்ளினாள்.

முப்பத்தொன்று தசம் ஆறு. மத்தியாஸ் பேனாவைத் திறந்து எழுதினார்.

கையை விட்டதும் விமலநாதன் சிவந்த மணிக்கட்டுகளைத் தடவிக்கொண்டு முடிவுக் கோட்டைப் பார்த்தார். பிறகு லீலாதேவியிடம் மெல்லக் கேட்டார்:

“நான் இல்லாமலே பிள்ளை ஓடி முடிச்சுப்போட்டாள், என்ன?”

அதில் பாதி சந்தோஷம், பாதி மனத்தாங்கல். லீலாதேவி ஓம் சேர் என்றாள்.

ஆண்டறிக்கையில் அவர் இதை எப்படி எழுதினார், ரபீகாவுக்கு உறுப்பினர் படிவம் கொடுத்தாரா என்றெல்லாம் கேட்காதீர்கள். கொடுத்தார். சான்றிதழ் கேட்காமல், அவளையும் கேட்காமலே, அவரே நிரப்பியும் கொடுத்தார். அவள் அதைக் கிழித்துப்போட்டு வேறொன்று வாங்கித் தானே நிரப்பினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள் வாசகரே. எண்பதாவது மீட்டரில் அவள் வலது கை நழுவியது என்று படித்தபோது, யாராவது கொஞ்சம் தள்ளிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் சொல்லி உங்களையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.