சிவப்புத் தரைமேல் சாணம்

திருச்செங்கோடு,
27-5-1984

மதிப்புக்குரிய நாச்சிமுத்து மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் மயில்சாமி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, எருமை, நான் ஆகிய நால்வரும் உடம்பளவில் சுகம். நாகபுரிப் பக்கம் தாங்களும் ரிக் லாரியும் சுகமாக இருக்கவும், அது ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் துளை போடும் இடத்திலெல்லாம் தண்ணீர் பீறிடவும் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் முன்நின்று பேசிய ராசிபுரம் சம்பந்தம் பற்றித்தான் எழுதுகிறேன். பெண் வீட்டார் முந்தாநாள் வெள்ளிக்கிழமை நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். போய்விட்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா தங்களுக்கு எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்வது நல்லது. அப்பாவின் கடிதத்தில் எனக்குப் பெயர் இருக்காது. "உன்ற அக்கா பெத்தது" என்று மட்டும் இருக்கும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும் மாமா. பெண் பார்க்கப் போன அன்று சௌந்திரம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "டம்ளர் சுடுதுங்க, துண்டுல புடிச்சுக்குங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பதினைந்து நாட்களாக அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூட அதிகமில்லை. அப்படிப் பேசுகிற பெண் வந்து வாழ்வதற்கு நம் வீடு லாயக்கில்லை என்று பட்டது. சுவரெல்லாம் கிளிப்பச்சை. ஒன்பது காலண்டர்கள், அவற்றில் நான்கு போன வருடத்தவை. நிலைப்படியில் பிளாஸ்டிக் மாவிலை. ரேடியோவுக்கு மேல் பிளாஸ்டிக் ரோஜா, அதன்மேல் நிஜமான தூசி.

சென்னையில் என் பேராசிரியர் வீட்டில் இதெல்லாம் கிடையாது. கோரைப்பாய். ஒரு மண்ஜாடி. ஜன்னலில் சாக்குத்துணி, அதன் இழைகளுக்கு நடுவே வெயில். அங்கே உட்கார்ந்தால் மனசு வாயை மூடிக்கொள்ளும். நானும் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வீட்டில் வைக்கும் எந்தப் பொருளும், வேண்டாமென்று தூக்கிப்போட்டால், மண்ணோ மாடோ தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெண் வீட்டார் வருவதற்கு முன்பு அம்மாவும் அப்பாவும் பவானியில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போனார்கள். மூன்று நாளும் நான் தனியாக வேலை செய்தேன் மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகு வலித்தது, சந்தோஷமாக இருந்தது. முன்சுவரின் பச்சையைச் சுரண்டிவிட்டுச் செம்மண்ணைக் கரைத்து ஒரு பட்டை, சுண்ணாம்பில் ஒரு பட்டை என்று மேலிருந்து கீழாக அடித்தேன். நெட்டுக்குத்தான கோடுகள் உயரத்தின் உணர்வைத் தரும் என்று படித்திருக்கிறேன். சேலத்தில் ரஹமத்துல்லா பாய் மண்டிக்குப் போய்ச் சாக்கு கேட்டேன், "என்ன மூட்டை கட்டறதுக்கு?" என்றார், "ஜன்னலுக்கு" என்றேன், அவர் பன்னிரண்டு மிளகாய்ச் சாக்குகளை எடுத்துக் கொடுத்து, "அலசிட்டு மாட்டு தம்பி" என்றார். அலசினால் அந்தப் பழுப்பு போய்விடும் என்று அலசாமலே தைத்து மாட்டினேன். கூடத்துத் தரையைச் சாணம் போட்டு மெழுகினேன். இரும்பு பீரோ, எட்டு நாற்காலி, காலண்டர், ரோஜா எல்லாவற்றையும் பின்கட்டில் அடுக்கி, அந்தப் பக்கம் தெரியாதபடி சோளத்தட்டில் ஒரு தட்டி பின்னி நிறுத்தினேன். கூடத்தில் பாய், ஒரு ஜாடி. நடுவில் நின்று பார்த்தேன். மௌனம்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மாவும் அப்பாவும் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். வாசலில் இரண்டு தேங்காய் மூடி, கற்பூரக் கரி. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் வழியில் நம் சுவரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காவியும் வெள்ளையும் எந்தச் சுவரில் இருக்கும் என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். அதையே நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருக்கிறேன். இதைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

அம்மா கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். "அடப்பாவி, சேலத்துலிருந்து ஆள் கூட்டியாந்து போட்ட செவப்புத் தரைடா சாமி! அதும்மேல சாணியைப் பூசிப்போட்டியேடா!"

"இயற்கையானதும்மா."

"எருமைக்குங்கூட அது இயற்கைதான். உன்னை எதுக்குடா எம்மே படிக்க வெச்சோம்?"

கழுவ நேரமில்லை. கார் வந்துவிட்டது.

வந்தது என்று சொல்ல முடியாது, இரண்டு தரம் தாண்டிப் போனது. மூன்றாம் தரம் நின்றது. பெண்ணின் அப்பா வெள்ளியங்கிரி இறங்கினார், செருப்பைக் கழற்றினார், சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கைகூப்பினார். பஸ் புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டோடு ஓடிவந்த அப்பாவிடம், "பூசாரிங்களா? இங்க மருதாசலம் ஊடு எதுங்க?" என்றார். "நான்தானுங்க மருதாசலம். இதுதானுங்க ஊடு" என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தாங்கள் அவர்களிடம் என்ன சொல்லியிருந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெண்ணின் அத்தை வள்ளியாத்தாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மணி, உங்க தம்பி செவப்புத் தரைன்னாருங்க, பீரோன்னாருங்க, எட்டு சேருன்னாருங்க. எல்லாம் வேற ஊட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அம்மா தரையைப் பார்த்தாள். தரையில் சாணம் இருந்தது. பாயில் உட்கார்ந்தார்கள். வெள்ளை வேட்டிகள் ஓரத்தில் மெல்லப் பச்சையாயின. தங்கள் வார்த்தை இப்படிப் பொய்யானதற்கு நானே பொறுப்பு.

"அழகா இருக்குதுங்க, ஆனா இதெல்லாம் யாருங்க பண்ணினது?" என்று வள்ளியாத்தாள் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அப்போது காற்றடித்தது.

பன்னிரண்டு சாக்குகளும் ஒரே நேரத்தில் ஆடின மாமா, ஒரு மண்டியின் மிளகாய்த் தூசி முழுவதும் கூடத்துக்குள் இறங்கியது, வெள்ளியங்கிரி தும்ம ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை, பெண்கள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்கள், அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார், அந்த நேரம் பார்த்து மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஆராயி எட்டிப் பார்த்தாள். நாற்காலி இல்லை, படங்கள் இல்லை, மெழுகின தரையில் எல்லோரும் உட்கார்ந்து கண்ணீர் விடுகிறார்கள். ஆராயி செம்பைக் கீழே வைத்தாள். நேரே போய் வள்ளியாத்தாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். யார் போனது என்று கேட்கவேயில்லை. வள்ளியாத்தாளும் பழக்கதோஷத்தில் இரண்டு வரி கூடவே அழுதாள். பிறகுதான் "ஆருங்க செத்துப்போனது?" என்றாள்.

இந்தச் சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்திருக்கிறது. சோளத்தட்டுத் தட்டியைத் தின்றது. அவசரமே படவில்லை. பாதி தின்றதும் மீதி தானாகச் சாய்ந்தது. பின்னால் பீரோ. எட்டு நாற்காலிகள். ஒன்பது காலண்டர்கள்.

வெள்ளியங்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிகளை எண்ணிப் பார்த்தார். "எல்லாம் இருக்குதுங்களே! எங்களுக்குக் காட்டாம எதுக்குங்க ஒளிச்சு வெச்சீங்க?" இதற்கு என்ன பதில் சொல்வது மாமா? என் அழகியல் கொள்கை என்றா? காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். "போயிட்டு வாரமுங்க" என்றார்கள். கார் கிளம்பியபின் அப்பா எருமையைத் தடவிக்கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆகையால் ஒரு உதவி. இதையெல்லாம் யார் செய்தது என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லப்படாமலே போனது. அது ஒன்றுதான் எனக்குள்ள வழி. தாங்கள் உடனே வெள்ளியங்கிரி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பன்தான் அத்தனையையும் செய்தான், அவன் போய்விட்டான், இனி வரமாட்டான் என்று எழுதுங்கள். மயில்சாமிக்குச் சாணம் கரைக்கவோ ஊசியில் நூல் கோக்கவோ தெரியாது, வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாதவன், உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வர வேண்டும் அவனுக்கு என்று அழுத்தமாக எழுதுங்கள். நல்ல குடும்பத்துப் பையன் என்ற நம்பிக்கை அவர்களுக்குத் திரும்பி வரட்டும். நானும் திருந்திவிட்டேன். தரையைக் கழுவிவிட்டேன். நாளைக்குக் கிளிப்பச்சை வாங்கப் போகிறேன்.

அந்த ஊர் வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ரிக்கில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் ஆசி எனக்கு எப்போதையும்விட இப்போது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
மயில்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வள்ளியாத்தாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். உட்காரக்கூட இல்லை. "கண்ணு, அன்னைக்குக் கேட்டதுக்குப் பதிலே வர்லீங்க. மெழுகினது, தெச்சது, சொவத்துக்கு அடிச்சதெல்லாம் ஆருன்னு சௌந்திரம் கேட்டுக்கிட்டு வரச் சொல்லுச்சு" என்றாள். சென்னை நண்பனைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அம்மா, "எல்லாம் இவனேதானுங்க, ஒத்தை ஆளா!" என்று அழமாட்டாத குறையாகக் கத்திவிட்டாள். வள்ளியாத்தாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். "அப்பச் சரிங்க. அவனே பண்ணிருந்தா ஆவணியிலயே வெச்சுக்கலாம், வேற ஆளாயிருந்தா வேண்டாம்னு சொல்லியனுப்பிச்சு. மெழுகித் தெச்சுப் போடற மாப்பிள்ளை எங்க ஊர்ல ஒருத்திக்கும் வாய்க்கலீங்களே!"

இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனமில்லை. ஆனால் மாமா, மேலே கேட்ட கடிதத்தைத் தயவுசெய்து எழுத வேண்டாம். எழுதத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடவும். துரும்பை நகர்த்தமாட்டான் என்ற பேச்சே வெளியில் வரக்கூடாது. சமைக்கவும் வருமா என்று சௌந்திரம் கேட்டாளாம். வரும் என்று சொல்லியனுப்பிவிட்டேன். அம்மா ரசத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறாள்.