கறுப்பு முகமூடிக்குள் யார்?

அன்று ஞாயிறு. எழுந்ததுமே அறிவித்துவிட்டேன். இனி ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை என்னை யாரும் கூப்பிடக் கூடாது. தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்தாலும் சரி, மாமனாரே வந்து நின்றாலும் சரி.

காரணம் 'தீக்கழுகு'. சின்ன வயதில் டிவியில் பார்த்த தொடர். தோளில் போர்வையைக் கட்டிக்கொண்டு தீக்கழுகு பறப்பார். கயிறு தெளிவாகத் தெரியும். தெரியாத மாதிரி பார்ப்போம். அவரைப் பதிமூன்று வாரம் ஆட்டிவைத்தவன் ஒரு கறுப்பு முகமூடிக்காரன். கடைசி வாரம் முகமூடியைக் கழற்றப்போகிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்த வாரம் பார்த்துக் காற்றடித்து எங்கள் ஆன்டெனா திரும்பிக்கொண்டது. அப்பா என்னை மாடிக்கு ஏற்றினார். நான் கம்பியைப் பிடித்தால் படம் தெரிந்தது. விட்டால் டிவிக்குள் மழை பெய்தது. அசையாதே என்று கீழிருந்து குரல். அசையவில்லை. "அட, இவனா" என்று வீடே வாயைப் பிளந்தது எனக்குக் கேட்டது. யாரென்று சொல்ல அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான். காதைப் பொத்திக்கொண்டேன். என் கண்ணால்தான் பார்ப்பேன் என்று சபதம்.

சபதத்துக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. நான் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவன், பகலெல்லாம் தூக்கம். மொத்தத் தொடரும் செல்போனிலேயே கிடைக்கிறது என்பது போன வாரம்தான் தெரிந்தது.

மனைவி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இதுதானா? கடைசில முகமூடிய கழட்டினா, அதுக்குள்ள..."

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். அங்கேதான் கெட்டது.

"சொல்லக் கூடாதா?"

"கூடவே கூடாது."

"அப்ப பரண்ல இருக்கற பாத்திரத்தையெல்லாம் இறக்குங்க. என் மனசு குளிர்ந்தா வாய் தானா மூடிக்கும்."

இறக்கினேன். இந்த வம்பே வேண்டாம், பதிமூன்றையும் இன்றைக்கே ஒரே மூச்சில் பார்த்துவிடவா என்று கேட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்தவர் வாரம் ஒன்றாகப் பார்ப்பதுதான் தீக்கழுகுக்கு மரியாதை என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மின்விசிறிகளைத் துடைத்தேன். ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தேன். அவள் தம்பி வீடு மாறியபோது பீரோவின் கனமான பக்கம் எனக்கு. ஒருநாள் முதுகு வலிக்கிறது என்று லேசாக முனகினேன். "அவன் யாருன்னா..." என்றாள், எங்கோ பார்த்தபடி. வலி போய்விட்டது.

பதிமூன்றாவது ஞாயிறு. முகமூடி கழன்றது. உள்ளே இருந்தவன், தீக்கழுகின் உடுப்பையே தைத்துக் கொடுக்கும் தையல்காரன். வாரா வாரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த சாதுவான மனுஷன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையனிடம் யாராவது போய்ச் சொன்னால் தேவலை.

சமையலறைக்கு ஓடினேன். இனி அவளிடம் ஆயுதமே இல்லை.

"தையல்காரன். இப்ப சொல்லு பாப்போம். ஊருக்கே சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"தையல்காரனா? நிஜமாவா? எங்க வீட்ல டிவி வாங்கினதே நமக்குக் கல்யாணம் பேசினப்பதாங்க."