மாமியாரின் தங்க நிறம்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜில் ‘ஒளிமானி சாமி’ அறை எடுத்தாலும் எடுத்தார், ஷிப்ட் முடிந்த கூட்டம் டீ கூடக் குடிக்காமல் அங்கே வரிசையில் நின்றது. சாமியின் மேசைமேல் ஒரு பெட்டி. அதற்குள் கையை விட்டால் மேலே விளக்கு எரியும். அதுதான் உங்கள் ஆத்மாவின் நிறமாம்! கையுறையைக் கழற்றக்கூட வேண்டியதில்லை, ஆத்மாவுக்கு அதெல்லாம் தடையில்லையாம். பச்சை என்றால் பிரமோஷன். தங்கம் என்றால் மகாலட்சுமி. சிவப்பு என்றால் பரிகாரம். அதுவும் சாமியிடமே கிடைக்கும், எவ்வளவு வசதி பாருங்கள்!

ஐஸ்வர்யாவுக்குச் சிவப்பு வந்தது. விமல்ராஜோடு நிச்சயம் முடிந்து, பத்திரிகை அச்சுக்குப் போகவிருந்த நேரம். அவன் அம்மா காமாட்சியம்மாளுக்கோ முந்தின வாரமே தங்கம் வந்திருந்தது. அன்றிலிருந்து அவர் நடையே வேறு.

“செவப்பு வந்த பொண்ணு கால் வச்சா வூடு வெளங்குமா? கல்யாணம் வாணாம்மா.”

ஐஸ்வர்யாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஒரகடம் பல்பு கம்பெனியில், விளக்குகளின் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பதுதான் அவள் வேலை. அங்கே ஒவ்வொரு ஷிப்டிலும், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு விளக்கைத்தான் முதலில் அளப்பார்கள். அளவு மாறி வந்தால் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். பல்புக்கே அவ்வளவு மரியாதை!

“அத்தை, உங்க கலரு தங்கம்னு தெரிஞ்சுபோச்சு. என் கோட்டு, தொப்பி, மாஸ்க், கிளவுஸ் மாட்டிக்கினு இன்னொரு தபா கைய வுடுங்க. திரும்பத் தங்கமே வந்தா, நானே கல்யாணம் வாணாம்னு சொல்லிட்றேன்.”

“இன்னாம்மா பந்தயம்? என் தங்கம் எங்க போயிடும்?” என்று காமாட்சியம்மாள் ஜம்பமாக மாட்டிக்கொண்டார்.

லாட்ஜ் வரிசையில் அவர் முறை வந்ததும் சாமி நிமிர்ந்து பார்த்தார். கம்பெனிக் கோட்டு, கண் மட்டும் தெரிகிற முகம். லைனில் வேலை பார்க்கும் பொண்ணு, கல்யாணக் கவலை என்று முடிவு கட்டிவிட்டார். பெட்டி சிவந்தது.

“மாமியாரையே முழுங்கிடுவ கண்ணு. உடனே பரிகாரம் பண்ணணும்.”

மாஸ்க் பறந்தது. “யோவ்! நானே மாமியாருய்யா! போன வாரம் தங்கம்னியே, இப்ப யாரய்யா முழுங்கப் போறேன்?”

பின்னால் நின்றிருந்த ஐஸ்வர்யா மேசை விரிப்பைத் தூக்கினாள். சாமியின் கால் பெருவிரல் இன்னும் சிவப்பு பட்டன்மேல் தவம் செய்துகொண்டிருந்தது. வரிசையே சிரித்தது. பரிகாரம் செய்து முடித்தவர்கள் மட்டும் சுவரைப் பார்த்தார்கள்.

“பத்திரிகைய அடிக்கச் சொல்லும்மா” என்றார் காமாட்சியம்மாள், ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

உங்கள் நிறத்தைச் சொல்கிறேன் என்று யாராவது பெட்டியை நீட்டினால், கையை விடுமுன் பெட்டியைச் சோதித்தது யார் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? கவலை வேண்டாம். சாமிக்குத் தண்டலத்தில் புது அறை கிடைத்துவிட்டது, வரிசையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.